கோணிக்கொண்ட படகு

வீட்டில் படகு கட்டுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "கதவு வழியாக வெளியே வருமா?" என்பதுதான். அளந்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன், வரும். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: தரை மட்டமாக இருக்கிறதா? நானும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் வந்த வினையைத்தான் இங்கே அதிகமாக எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரும்.

படகு சின்னதுதான். நீளம் 3.6 மீட்டர், நடுவில் அகலம் 1.2 மீட்டர், தட்டையான அடி, முன்னால் கூரான அணியம், பின்னால் அமரத்தில் ஒரு நேர்ப்பலகை. இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடலாம். முறைப்படி மரப்படகு கட்டுவதென்றால் அடியில் நீளவாக்கில் முதுகெலும்பு மாதிரி ஏரா வைத்து, விலாச் சட்டங்களை நிறுத்தி, பலகைகளை வளைத்து ஒவ்வொன்றாக அறைய வேண்டும். அதற்குக் கையில் வருஷக்கணக்கான பழக்கம் வேண்டும். எனக்கு அது இல்லை. அதனால் 'தைத்து ஒட்டும்' முறைக்குப் போனேன். ப்ளைவுட்டைச் சட்டைத் துணி மாதிரி வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளில் எபாக்சிப் (ரெசினும் கடினப்படுத்தியும் கலந்தால் இறுகும் பசை) பட்டி வைத்து, மேலே கண்ணாடி இழையால் நெய்த ஃபைபர் நாடா ஒட்டிவிட வேண்டும். அச்சும் வேண்டாம், விலாவும் வேண்டாம்.

இந்த முறை பரவியதற்கு மிரர் என்ற பாய்மரப் படகு ஒரு பெரிய காரணம். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்தது. டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவோடு வந்ததால் அந்தப் பெயர். எபாக்சிக்குப் பதிலாக அன்றைக்குப் பாலியெஸ்டர் ரெசின்தான் ஊற்றினார்கள். அப்படியும் 70,000 படகுகளுக்கு மேல் கட்டப்பட்டன, நிறைய வீட்டுக் கொட்டகைகளில். ஆனால் பலகையைத் தைக்கும் யோசனை அவர்களுடையது அல்ல. 1954இல் எகிப்தில் பெரிய பிரமிடுக்குப் பக்கத்தில் தோண்டி எடுத்த கூஃபு மன்னனின் கப்பல் சுமார் 4,500 ஆண்டு பழையது, 43 மீட்டர் நீளம், பலகைகளைக் கயிற்றால் கட்டிச் சேர்த்தது. கம்பி முறுக்கி விரல் வீங்கிய நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன். பெரிய ஆறுதல் ஒன்றும் கிடைத்ததில்லை.

ப்ளைவுட் வாங்கும்போது மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. 6 மி.மீ. கனத்தில் நான்கு முழுத் தாள், 8க்கு 4 அடி. படகுக்கான ப்ளைவுட்டில் பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை இருக்கும். முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம் என்பதால் ஒரு துண்டை அறுத்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன், காய விட்டேன், மறுபடி கொதிக்க வைத்தேன். மூன்று முறை செய்தும் அடுக்கு பிரியவில்லை. வெட்டிய ஓரத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்து உள்ளே பொந்து இருக்கிறதா என்றும் தேட வேண்டும். பொந்து இருந்தால் வளைக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும்.

தாளின் நீளம் 2.44 மீட்டர், படகின் நீளம் 3.6. ஆகவே இரண்டு தாள்களைச் சேர்த்தாக வேண்டும். சரிவு இணைப்புக்குக் கனத்தின் எட்டு மடங்கு சரிவு வேண்டும், 6 மி.மீ.க்கு 48 மி.மீ. நான்கு தாள்களையும் படிக்கட்டு போல 48 மி.மீ. உள்ளே உள்ளே தள்ளி அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே சரிவாக இழைப்புளியால் இழைத்தேன். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. இழைக்க இழைக்க ப்ளைவுட்டின் அடுக்குகள் வெளிறிய, கறுத்த பட்டைகளாக மேலே வரும். சரிவு சமமாக இருந்தால் பட்டைகள் ரூல் போட்ட மாதிரி நேராக ஓடும். எங்கேயாவது அதிகமாக இழைத்துவிட்டால் பட்டை அந்த இடத்தில் வளைந்து காட்டிக்கொடுக்கும். வேறு அளவுகோலே தேவைப்படவில்லை.

ஒட்டும்போது முதலில் வெறும் எபாக்சியை இரண்டு முகத்திலும் தடவி மரம் குடிக்க விட வேண்டும். அப்புறம்தான் சிலிக்காத் தூள் கலந்த கெட்டி எபாக்சி. கிளாம்பை முடிந்த மட்டும் இறுக்கக் கூடாது. பசையெல்லாம் வெளியே பிதுங்கி நடுவில் ஒன்றுமே மிஞ்சாது. எபாக்சி எண்ணெய் மாதிரி வழுக்கும் என்பதை மறந்து முதல் ஜோடியை அப்படியே இறுக்கினேன். காலையில் பார்த்தால் ஒரு தாள் 5 மி.மீ. நகர்ந்து போயிருந்தது. அடுத்த ஜோடிக்கு இரண்டு சின்ன ஆணி அடித்து நிறுத்தினேன்.

வரைபடத்தில் 300 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக அளவுகள் இருந்தன. புள்ளிகளில் ஆணி அடித்து, கணு இல்லாத ஒரு நீள ரீப்பரை அவற்றின் மேல் வளைத்து, பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். ஒரு இடத்தில் ரீப்பர் ஆணியைத் தொடவே மாட்டேன் என்றது. 278க்குப் பதில் 287 என்று குறித்திருக்கிறேன். இழுத்துக் கட்டிக் கோடு போட்டிருந்தால் படகின் பக்கத்தில் ஒரு புடைப்பு நிரந்தரமாக இருந்திருக்கும். கோடு போட்டதும் தரையோடு கண்ணை வைத்து, ஒரு முனையிலிருந்து பார்த்தால் சின்ன முறிவுகூடத் தெரியும். இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு, ஜிக்சாவால் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுத்து, மீதியை இழைப்புளியால் சேர்த்தே இழைத்தேன். பிழை இருந்தாலும் இரண்டிலும் ஒரே பிழை இருக்கட்டும்.

ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, 150 மி.மீ.க்கு ஒரு துளை. அணியத்தில் வளைவு அதிகம் என்பதால் அங்கே 75. கம்பி 1.2 மி.மீ. செம்பு. முதலில் எல்லாத் தையலையும் தொளதொளவென்று போட்டுவிட்டு, வடிவம் வந்த பிறகு குறடால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே இடத்தில் இறுக்கினால் துளை கிழிந்துவிடும். காலையில் சுவரில் சாய்ந்து நின்ற தட்டைப் பலகைகள் சாயங்காலம் படகாக இருந்தன. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "முடிஞ்சிருச்சா?" என்றாள் மகள். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் ஆயிற்று.

மறுநாள் அணியத்தின் முனையிலிருந்து அமரப் பலகையின் இரண்டு மூலைகளுக்கும் நாடா பிடித்து அளந்தேன். இரண்டும் ஒரே அளவு. சதுரம் சரி என்று, கம்பிகளுக்கு நடுவே கெட்டி எபாக்சியைச் சின்னச் சின்னப் பொட்டுகளாக வைத்து, இறுகட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். நாற்பது வருஷம் கதவும் ஜன்னலும் செய்து ஓய்ந்தவர். படகை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"தம்பி, படகு ஒரு பக்கமா கோவிச்சுக்கிட்டு நிக்குதே."

"மூலைக்கு மூலை அளந்துட்டேன் ஐயா. ரெண்டும் சரியா இருக்கு."

"அது மூலைமட்டம் பாக்க. முறுக்கு அதுல தெரியாது. ரெண்டு நேர்க்கட்டைய குறுக்கால போட்டுப் பாரு."

நேரான இரண்டு அலுமினியக் குழாய்களை எடுத்தேன். ஒன்றை அணியத்துக்குப் பக்கத்துக் குறுக்குப் பலகை மேலும், இன்னொன்றை அமரப் பலகை மேலும் வைத்து, பின்னாலிருந்து குனிந்து பார்த்தேன். இடது ஓரத்தில் இரண்டு குழாயும் ஒன்றை ஒன்று மறைத்தன. வலது ஓரத்தில் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. அளந்தால் 14 மி.மீ. படகு தன் நீளவாக்கில், பிழிந்த துணி மாதிரி, லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. மூலை அளவு சரியாக இருந்ததன் காரணம் அப்போதுதான் உறைத்தது. ஒரு மூலை மேலே 14 மி.மீ. ஏறினால், மூன்றரை மீட்டர் நீளத்தில் நாடாவின் அளவு ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது.

தப்பு எங்கே என்று தேட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கொட்டகையின் தரை, தண்ணீர் ஓடுவதற்காக ஒரு மூலைக்குச் சரிவாகப் போடப்பட்டது. முன் தாங்கி நின்ற இடத்தில் ஒரு சரிவு, பின் தாங்கி நின்ற இடத்தில் இன்னொரு சரிவு. கம்பியால் தைத்த படகுக்கு அந்தக் கட்டத்தில் எலும்பு கிடையாது. எதன் மேல் வைக்கிறோமோ அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். எபாக்சி வைத்துவிட்டால் அதுவே நிரந்தரம்.

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். 14 மி.மீ. யாருக்குத் தெரியப் போகிறது? மறுநாள் காலை எழுந்ததும் என்னையறியாமல் அமரத்துக்குப் பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சரி, அறுத்துவிடலாம்.

ஹாக்சா பிளேடை இரண்டாக உடைத்து, ஒரு பாதியில் துணி சுற்றிப் பிடி செய்துகொண்டு, 34 பொட்டுகளையும் அறுத்தேன். கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். இரண்டு தாங்கிகளுக்கும் அடியில் ஆப்பு வைத்து, ரசமட்டத்தில் குமிழ் நடுவுக்கு வரும்வரை தட்டினேன். அப்போதும் படகு முழுசாக நேராகவில்லை. தூக்கிக்கொண்டு நின்ற மூலையில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனை வைத்தேன். குழாய்களைப் பார்ப்பது, கேனை அரைச் சாண் நகர்த்துவது, மறுபடி பார்ப்பது. கடைசியில் 3 மி.மீ. மிச்சம் நின்றது. அதற்கு மேல் அது நகரவில்லை, எனக்கும் பொறுமை இல்லை. மறுபடி பொட்டு வைத்தேன். இந்த முறை குழாய்களை அகற்றாமல், இறுகும்வரை மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தேன்.

கம்பிகளை உருவும்போது சில எபாக்சியில் மாட்டிக்கொண்டன. சால்டரிங் அயர்னைக் கம்பியின் மேல் அரை நிமிஷம் வைத்தால் பிடி தளர்ந்து வந்துவிடும். அப்படியும் வராத நாலைந்தை ஒட்ட நறுக்கிவிட்டேன்.

இனி எபாக்சி. இந்தப் படகில் மரவேலை ஐந்தில் ஒரு பங்குதான். மீதி பசையும் உப்புத்தாளும். மூலைப் பட்டிக்கு மரத்தூளும் சிலிக்காவும் கலந்து, கலவைக் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்தாலும் வழியாத பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைத்து, ஒரு மூலையை வெட்டிப் பிதுக்கி, 20 மி.மீ. ஆரத்தில் வட்டமாக வெட்டிய ப்ளைவுட் துண்டால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பட்டி ஈரமாக இருக்கும்போதே 75 மி.மீ. ஃபைபர் நாடாவை மேலே படுக்க வைத்து எபாக்சி தடவினால், காய்ந்த பிறகு தேய்க்கும் வேலை பாதி மிச்சம்.

முதல் நாள் பேராசையில் ஒரு டம்ளர் நிறையக் கலந்தேன். நாலு நிமிஷத்தில் டம்ளர் கையில் சுட்டது, ஆறாவது நிமிஷம் புகை, அப்புறம் டம்ளரே குழைந்து சாய்ந்தது. எபாக்சி இறுகும்போது தானே சூடாகும், அந்தச் சூடு இறுகுவதை இன்னும் வேகப்படுத்தும். குவியலாக இருந்தால் சூடு வெளியே போக வழியில்லை. அதையே அகலமான தட்டில் ஊற்றியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு தடவைக்கு 100 மி.லி.தான்.

இன்னொன்று, பாலியெஸ்டர் ரெசினில் பழகியவர்கள் சீக்கிரம் இறுக வேண்டும் என்று கடினப்படுத்தியைக் கூடுதலாக விடுவார்கள். எபாக்சியில் அது நடக்காது. ரெசினும் கடினப்படுத்தியும் கணக்காகச் சேர்ந்தால்தான் இரண்டும் இறுகும். எது கூடினாலும் மிச்சப்பட்டது ரப்பர் மாதிரி மெத்தென்று நின்றுவிடும். எனக்கு வந்தது கொள்ளளவில் 2க்கு 1. எடையில் அதே கணக்கு வராது, ஏனென்றால் இரண்டின் அடர்த்தியும் வேறு. தராசில் வைத்துக் கலக்கிறவர்கள் டப்பாவில் எடை விகிதம் தனியாகப் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு தடவை போன் பேசிக்கொண்டே ஊற்றினேன். நாலு நாள் கழித்தும் நகம் பதிந்தது. சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, மறுபடி வைத்தேன்.

இறுகிய எபாக்சியின் மேல் சில சமயம் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும், ஈரமான நாட்களில் அதிகமாக. அதை உப்புத்தாளால் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும். மேலே பெயின்ட் அடித்தால் குழிகுழியாக விலகும். வெறும் தண்ணீரும் தேய்க்கும் நாரும் போதும், கழுவினால் போய்விடும். கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொடவே கூடாது. ஒரு நாள் ஒன்றும் செய்யாது, பத்து நாள் ஒன்றும் செய்யாது, பதினோராவது நாள் தோல் ஒவ்வாமை வந்தால் அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கிட்டப் போக முடியாது. தேய்ப்பதையும் நன்றாக இறுகி ஒரு வாரம் ஆன பிறகு, முகமூடி போட்டுக்கொண்டுதான் செய்தேன்.

கவிழ்த்துப் போட்டு வெளிப்பக்கம் செய்வது இதைவிடச் சுலபம். கூர்மையான மூலையில் ஃபைபர் துணி படியாது என்பதால் வெளிமூலைகளை வட்டமாக இழைத்துவிட்டு, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியை விரித்து எபாக்சியை ஊற்றி ரப்பர் துடைப்பானால் தள்ளினேன். வெள்ளைத் துணி கண்ணெதிரே கண்ணாடியாகி, கீழே மரத்தின் ரேகை எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பூச்சைச் சூடு ஏறும் காலை நேரத்தில் செய்யாதீர்கள். மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வந்து குமிழாக நிற்கும். சாயங்காலம், சூடு இறங்கும்போது செய்தால் மரம் எபாக்சியை உள்ளே இழுக்கும்.

படகின் மேல்விளிம்பில் சட்டம் ஒட்ட 150 மி.மீ.க்கு ஒரு கிளாம்ப் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது. என்னிடம் இருந்தது ஒன்பது. 110 மி.மீ. பிவிசி குழாயை 40 மி.மீ. அகல வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டுப் போட்டால் இறுக்கமான கவ்விகள் கிடைத்துவிடும். கையால் விரித்து மாட்ட வேண்டியதுதான். பெரியவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது வருஷமா இது தெரியாமப் போச்சே" என்று நாலு வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

குறுக்குப் பலகைகளின் அடியில் தண்ணீர் ஓட ஒரு துளை விட வேண்டும். மறந்துவிட்டேன். பட்டி வைத்து முடித்த பிறகு துளைத்து, வெட்டு முகத்துக்கு மறுபடி எபாக்சி தடவினேன். முன்னும் பின்னும் காற்றடைத்த பெட்டிகள், 60 லிட்டரும் 80 லிட்டரும். தண்ணீர் புகுந்தாலும் 140 கிலோ தூக்கி நிற்கும். எபாக்சிக்கு வெயில் ஆகாது, மேலே கண்டிப்பாகப் பெயின்ட் அல்லது வெயில் தாங்கும் வார்னிஷ் வேண்டும். உள்ளே வார்னிஷ், வெளியே பெயின்ட். பெயின்ட் கதையைச் சொன்னால் ஒரு வாரம் ஆகும், விடுங்கள்.

குளியலறைத் தராசில் ஒரு முனையை வைத்து, மறுமுனையைத் தாங்கியில் வைத்து எடை பார்த்தேன். பிறகு மாற்றி வைத்துப் பார்த்தேன். கூட்டினால் 56 கிலோ. இரண்டு பேரும் ஏறினால் மொத்தம் 200 கிலோவுக்குப் பக்கம். நல்ல தண்ணீரில் கிட்டத்தட்ட 200 லிட்டரை ஒதுக்கிக்கொண்டு உட்காரும். ஒரு ஆள் ஏறினால் மூன்றரை செ.மீ. இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, பக்கத்தில் பென்சிலால் கோடு வைத்திருந்தேன். ஏரியில் இறக்கிய அன்று தண்ணீர் அந்தக் கோட்டிலேயே வந்து நின்றது. அந்த ஒரு நிமிஷம்தான் சந்தோஷம்.

துடுப்பை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினால், படகு நேராகப் போகாமல் மூக்கைத் திருப்பிக்கொண்டது. எனக்கு உடனே அந்த 3 மி.மீ. ஞாபகம் வந்தது. முழுசாக அறுத்திருக்க வேண்டும், இன்னும் ஒரு நாள் கேனை நகர்த்தியிருக்க வேண்டும் என்று மனசு ஓட ஆரம்பித்தது. கூட வந்த மகள்தான் சொன்னாள்: "அப்பா, போன தடவை அந்தப் பக்கம் திரும்புச்சு, இப்ப இந்தப் பக்கம் திரும்புது." நிறுத்தி நிறுத்திப் பத்துத் தடவை பார்த்தோம். ஆறு முறை இடது, நாலு முறை வலது. முறுக்கினால் வந்த கோளாறாக இருந்தால் எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கும். இது வேறு. அமரத்துக்கு அடியில் மீன் துடுப்பு போல நிற்க வேண்டிய ஸ்கெக் கட்டையை, சோதனைக்கு அப்புறம் போடலாம் என்று விட்டிருந்தேன். தட்டையான அடியில் பிடிமானம் ஒன்றும் இல்லாமல், தண்ணீரில் போட்ட தட்டு மாதிரி அது நினைத்த பக்கம் சுழன்றிருக்கிறது.

அதே அன்று அணியத்துக்குப் பக்கத்தில், உள்ளே ஒரு கம்பித் துளையில் நீர் முத்து ஒன்று திரண்டு நின்றது. துடைத்தால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி வரும். அத்தனை துளைகளில் ஒன்றை அடைக்காமல் விட்டிருக்கிறேன். மேலே போட்ட துணியும் அந்த இடத்தில் சரியாக நனையவில்லை போலிருக்கிறது.

துளையைக் காய விட்டு, எபாக்சி இறக்கி அடைத்தேன். ஸ்கெக்கை 700 மி.மீ. நீளத்தில், பின்னால் 100 மி.மீ. உயரம் வருமாறு ஆப்பு வடிவில் வெட்டி, நடுக்கோடு பிடித்து ஒட்டி, பட்டி வைத்து நாடா போட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் தாங்கிகளின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி இறக்கினோம். மகள் துடுப்பை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தாள். பதினெட்டு வரைக்கும் எண்ணினாள், அதுவரை நேராகவே போனது.